ஹை, லோ மட்டும் போதாது: டேட்டா லாகரில் அலாரம் வைக்கப் பழகுபவர்களுக்கு

சிங்கப்பூர் வந்த புதிதில் செனோக்கோ பக்கம் ஒரு குளிர்கிடங்கில் எனக்கு நைட் ஷிஃப்ட். அறைகளின் வெப்பநிலையை ஒரு லாகர் படிக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் அதைக் கோடாக வரையும், எல்லை தாண்டினால் என் கைப்பேசிக்குச் செய்தி வரும். வந்தது. ஒரே இரவில் அறுபது, எழுபது. போய்ப் பார்த்தால் டீஃப்ராஸ்ட் நேரத்தில், அதாவது குளிர்விக்கும் சுருளில் படிந்த பனியை உருக்கும் நேரத்தில், காற்று கொஞ்சம் சூடாகியிருக்கும், இல்லையென்றால் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறேன் என்று யாராவது கதவைத் திறந்து போட்டிருப்பார்கள். நான்காம் இரவு போனை சைலன்ட்டில் போட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் கம்ப்ரஸர் நிஜமாகவே ட்ரிப் ஆனது. காலையில் சூப்பர்வைசர் கேட்டார், "ஏன் தம்பி, அலாரம் வரலையா?" "வந்துச்சுண்ணே, நாலு நாளா வந்துகிட்டேதான் இருக்கு" என்றேன். அவர் பதில் பேசாமல் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அலாரத்தை வைத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. மைனஸ் 18 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவரும் ஹை என்ற பெட்டியில் மைனஸ் 18 என்று அடித்து ஓகே கொடுத்திருக்கிறார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். டிப்ளமோ முடித்து வந்து, துவாஸிலோ ஜூரோங்கிலோ ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரமே "இந்த லாகருக்கு அலாரம் செட் பண்ணிடு" என்று வேலை தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜூரோங் தீவின் பெரிய ஆலைகளில் இதற்கென்றே ஆட்களும் நடைமுறைகளும் உண்டு, அங்கே யாரையும் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான்.

மவுஸைத் தொடுவதற்கு முன்

ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது லாகர் படிக்கும் ஒவ்வொரு சென்சாரின் அளவுக்கும், மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்த இடத்தில் என்ன கெட்டுப்போகும் என்று பயப்படுகிறோம்? அலாரம் அடித்தால் யார் எழுந்து போய் என்ன செய்யப் போகிறார்? அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது அலாரமே இல்லை. அதைப் பதிவில் மட்டும் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் எழுப்ப வேண்டாம். மூன்றாவது கேள்வியின் பதில்தான் பிறகு நீங்கள் போடப்போகும் தாமதத்தின் அளவு, அதனால் அதைச் சும்மா ஒப்புக்கு எழுதாதீர்கள்.

அப்புறம் குறைந்தது ஒரு வாரத்துப் பழைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான், எனக்குத் தெரிந்து பாதித் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. உதாரணத்துக்கு ஒரு உறை அறை மைனஸ் 22-இல் ஓடுகிறது, ஒரு நாளைக்கு நான்கு முறை டீஃப்ராஸ்ட் வருகிறது, ஒவ்வொரு முறையும் காற்று மைனஸ் 14 வரை ஏறி, 25 நிமிடத்தில் திரும்ப மைனஸ் 18-க்குக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறைக்கு இதுதான் இயல்பு. உறைந்த உணவு மைனஸ் 18-க்கு மேல் போகக்கூடாது என்பது பொருளைப் பற்றிய கணக்கு. சென்சார் தொங்குவதோ காற்றில். காற்று சட்டென்று சூடாகிவிடும், அட்டைப்பெட்டிக்குள் கட்டியாக உறைந்து கிடக்கும் மீன் அவ்வளவு சுலபமாகச் சூடாகாது. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளில் சென்சாரை கிளைக்கால் நிரப்பிய சின்னப் பாட்டிலுக்குள் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அளக்காமல் உள்ளிருக்கும் பொருளின் வேகத்தில் அளக்கத்தான் அந்த ஏற்பாடு.

எல்லை அலாரம்

ஹை, ஹை-ஹை, லோ, லோ-லோ. பெரும்பாலான மென்பொருளில் இந்த நான்கும் இருக்கும். ஹை என்பது "வந்து பார்", ஹை-ஹை என்பது "ஓடி வா". இரண்டுக்கும் ஆள் செய்யப்போகும் வேலை ஒன்றேதான் என்றால் இரண்டும் வேண்டாம், ஒன்றை எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன அறைக்கு நானாக இருந்தால் ஹை மைனஸ் 17, தாமதம் 45 நிமிடம். ஹை-ஹை மைனஸ் 10, தாமதம் 5 நிமிடம். டீஃப்ராஸ்ட் 25 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் முதல் அலாரம் வாயைத் திறக்காது, டீஃப்ராஸ்ட் மைனஸ் 14-ஐத் தாண்டாததால் இரண்டாவதும் திறக்காது. கம்ப்ரஸர் நின்றால் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் வரும். எண்களை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், உங்கள் அறையின் வரைபடத்தைப் பார்த்துப் போடுங்கள்.

லோ அலாரம் குளிர் அறைக்கு எதற்கு, அதிகம் குளிர்ந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். சென்சாரிலிருந்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னல் வருகிறது, 4 என்றால் மைனஸ் 40 டிகிரி, 20 என்றால் 60 டிகிரி என்று அளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யம். அதே கணக்கில் மென்பொருள் அதை மைனஸ் 65 டிகிரி என்று காட்டலாம். ஹை அலாரம் சாகும்வரை அடிக்காது, திரையில் அறை ஜில்லென்று இருக்கும், உள்ளே சரக்கு உருகிக்கொண்டிருக்கும். லோ அலாரம் ஒன்று மைனஸ் 30-இல் இருந்திருந்தால் நிமிடத்தில் மாட்டியிருக்கும்.

இதற்கென்றே சென்சார் கோளாறு அலாரமும் பல மென்பொருளில் உண்டு, இருந்தால் கட்டாயம் போடுங்கள். சென்சாரின் அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களுக்கு நாமுர் என்.இ. 43 என்று ஒரு பரிந்துரை இருக்கிறது: 3.8 முதல் 20.5 மில்லி ஆம்பியர் வரை அளவீடு, 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் கருவியில் கோளாறு. லாகரில் அந்த எல்லையைக் கொடுக்க இடம் இருக்கும். தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பியை இணைத்துச் செய்த வெப்ப சென்சார்) என்றால் பர்ன்-அவுட் என்று ஒரு செட்டிங் வரும், கம்பி அறுந்தால் அளவை உச்சிக்குத் தள்ளவா அடிக்குத் தள்ளவா என்று கேட்கும். சூடு ஆபத்தான இடத்தில் உச்சி என்று கொடுங்கள், சந்தேகம் வந்தால் பயப்படட்டும். மின்தடையை வைத்து வெப்பநிலையைச் சொல்லும் பி.டி. 100 சென்சாரில் நம்ம ஊர்க் காற்றின் ஈரப்பதம் வேறு தனியாக விளையாடும். ஜங்ஷன் பாக்ஸுக்குள் தண்ணீர் கோத்து நின்றால் இரண்டு முனைக்கும் நடுவே கசிவு ஏற்பட்டு, மொத்தத் தடை குறைந்து, அறை நிஜத்தைவிடக் குளிராகத் தெரியும். எந்த அலாரமும் அதைப் பிடிக்காது, மூடியைத் திறந்து பார்க்கும் கைதான் பிடிக்கும்.

டெட்பேண்டும் தாமதமும்

எல்லை எண்ணைவிட இந்த இரண்டு பெட்டியில் நீங்கள் போடுவதுதான் அலாரத்தின் குணத்தைத் தீர்மானிக்கும். அதனால்தானோ என்னவோ, மென்பொருளில் இவற்றை ஓர் ஓரமாக, அட்வான்ஸ்டு என்ற பட்டனுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள்.

டெட்பேண்ட், சிலவற்றில் ஹிஸ்டெரிசிஸ் என்று இருக்கும். ஹை மைனஸ் 17, டெட்பேண்ட் 1 என்றால் மைனஸ் 17-இல் அலாரம் வரும், மைனஸ் 18 வரை இறங்கினால்தான் போகும். இது பூஜ்யமாக இருந்தால் அளவு மைனஸ் 16.9, மைனஸ் 17.1 என்று ஊசலாடும்போதெல்லாம் அலாரம் வந்து வந்து போகும், பத்து நிமிடத்தில் நூறு வரி பதிவாகும். வரைபடத்தில் கோடு சாதாரணமாக எவ்வளவு நடுங்குகிறது என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுங்கள். ரொம்ப அதிகமாகவும் வேண்டாம், டெட்பேண்ட் 8 என்று போட்டால் அறை சரியாகி வெகுநேரம் ஆன பிறகும் அலாரம் அணையாமல் நிற்கும், ஆட்கள் அதைப் பார்க்காமல் பழகிவிடுவார்கள்.

தாமதம் இரண்டு வகை. எல்லையைத் தாண்டி இவ்வளவு நேரம் அங்கேயே நின்றால்தான் அலாரம் என்பது ஒன்று, திரும்பி வந்து இவ்வளவு நேரம் ஆனால்தான் அணையும் என்பது இன்னொன்று. யோகோகாவா ரெக்கார்டர்களில் முதல் வகையை டிலே அலாரம் என்று தனி வகையாகவே வைத்திருப்பார்கள், மற்ற பலவற்றில் ஹை அலாரத்துக்குக் கீழே ஒரு பெட்டியாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெட்டியில் இருப்பது நொடியா நிமிடமா? 45 நிமிடம் என்று நினைத்து 45 நொடி போட்ட புண்ணியவான் நான்தான். டீஃப்ராஸ்ட் ஓடுகிறது என்ற சிக்னலே லாகருக்குக் கிடைக்கிறது என்றால் இன்னும் நல்லது, அது ஆன் ஆக இருக்கும்போது ஹை அலாரத்தை அடக்கி வைக்கும்படி நிபந்தனை கொடுக்கலாம். ஆனால் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டால் அலாரமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், ஆகவே ஹை-ஹையை எந்த நிபந்தனையாலும் அடக்காதீர்கள்.

மாறும் வேகத்துக்கு அலாரம்

பேஸ்மென்ட் பம்ப் அறையில் இதன் அருமை தெரியும். மதியம் நன்றாக வெயில் காயும், மூன்று மணிக்கு வானம் பிய்த்துக்கொண்டு கொட்டும், தண்ணீர் சேரும் குழியான சம்ப்பில் மட்டம் ஏறும். நிரம்பி வழியும் மட்டம் 150 சென்டிமீட்டர், பம்ப் 80-இல் ஓட வேண்டும் என்று வைப்போம். 130-இல் ஹை அலாரம் வைத்தால், நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர் ஏறும் மழையில் உங்களுக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம். 80-ஐத் தாண்டிய பிறகும் 5 நிமிடத்தில் 10 சென்டிமீட்டர் ஏறினால் என்று வேக அலாரம் வைத்தால், மட்டம் 90-ஐத் தொடும்போதே, அதாவது அரை மணி நேரம் கையில் இருக்கும்போதே, பம்ப் ஓடவில்லை என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. வேகத்தை எத்தனை நேர இடைவெளியில் கணக்கிட வேண்டும் என்று மென்பொருள் கேட்கும். இன்டச் போன்ற ஸ்காடா மென்பொருளில் (ஆலையைத் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்) நொடிக்கு, நிமிடத்துக்கு, மணிக்கு இத்தனை சதவீதம் என்று கொடுப்பீர்கள், ரெக்கார்டர்களில் எத்தனை சாம்பிள் பின்னால் பார்க்க வேண்டும் என்று கொடுப்பீர்கள். ஒரு நொடி இடைவெளியில் சென்சார் வெறும் 0.2 டிகிரி துடித்தால்கூட அது நிமிடத்துக்கு 12 டிகிரி வேகம் என்று கணக்காகிவிடும், அறை பற்றி எரிகிறதா என்று நீங்கள் ஓடுவீர்கள். இடைவெளியை நீட்டுங்கள், அல்லது ஐந்து நிமிடச் சராசரியை ஒரு கணக்குச் சேனலாக (சென்சார் இல்லாமல் மென்பொருளே கணக்கிடும் சேனல்) செய்து அதன்மேல் வேக அலாரம் வையுங்கள்.

வித்தியாச அலாரம்

டீவியேஷன், டிஃபரன்ஸ் என்று இரண்டு பெயரில் வரும், இரண்டும் ஒன்றல்ல. முதலாவது செட்பாயின்ட்டிலிருந்து, அதாவது இருக்க வேண்டிய அளவிலிருந்து, எவ்வளவு விலகியது என்று பார்ப்பது. சில மென்பொருளில் மைனர், மேஜர் என்று இரண்டு படி இருக்கும், செட்பாயின்ட்டை அடிக்கடி மாற்றும் இடத்துக்கு நல்லது, எல்லையும் அதோடு சேர்ந்து தானாக நகரும். இரண்டாவது ஒரு சேனலை இன்னொரு சேனலோடு ஒப்பிடுவது. ஒரே அறையில் இரண்டு சென்சார் இருந்து, அரை மணி நேரத்துக்கு மேல் 3 டிகிரி வித்தியாசம் காட்டினால் ஒன்று சென்சார் பொய் சொல்கிறது, இல்லையென்றால் ஒரு பக்கத்து ஃபேன் நின்றுவிட்டது. காசு செலவில்லாத காவல்காரன் இது, ஆனாலும் போடுபவர்கள் குறைவு.

அசையாத கோடு

எந்த மெனுவிலும் இது தனியாக இல்லாமல் போகலாம், ஆனாலும் எனக்குப் பிடித்த அலாரம் இதுதான். 2005 டிசம்பர் 11, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு. 912-ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை மூன்று மணி தாண்டியதும் மட்டம் காட்டும் கருவி அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது, திரையில் எண் மட்டும் ஏறவில்லை. எண் எல்லையைத் தொடாததால் அந்தக் கருவியை நம்பியிருந்த உயர்மட்ட அலாரம் எதுவும் அடிக்கவில்லை, தனியாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, ஆவி பரவி, காலை ஆறு மணிக்கு வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் உயிர் போகவில்லை.

நம் அளவில் இதைச் செய்வது சுலபம். கணக்குச் சேனல் ஒன்றை உருவாக்குங்கள்: கடந்த இரண்டு மணி நேரத்தின் அதிகபட்சம் கழித்தல் குறைந்தபட்சம். உயிரோடு இருக்கும் அறையின் கோடு எப்போதும் கொஞ்சமாவது நெளியும். அந்தச் சேனல் 0.1-க்குக் கீழே போனால் லோ அலாரம், அவ்வளவுதான். லாகருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே கேபிள் பிடுங்கப்பட்டாலும் இதே கதைதான். சில மென்பொருள்கள் கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு காட்டும், பார்க்க எல்லாம் நலமாக இருக்கும். தொடர்பு அறுந்தது என்ற அலாரம் தனியாக இருந்தால் அதை முதலில் ஆன் செய்யுங்கள்.

அடித்த பிறகு என்ன

லேட்ச் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். போட்டால், நிலைமை சரியானாலும் யாராவது வந்து பார்த்துவிட்டேன் என்று அக்நாலட்ஜ் கொடுக்கும்வரை அலாரம் நிற்கும். இரவு மூன்று மணிக்கு ஏறி மூன்றரைக்கு இறங்கிவிட்ட சமாசாரம் காலையில் வருபவருக்குத் தெரிய வேண்டுமென்றால் லேட்ச் வேண்டும். சாதாரண எச்சரிக்கைகளுக்கு வேண்டாம். ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் வழியாக மணியோ சிவப்பு விளக்கோ இணைப்பதாக இருந்தால், இயல்பு நிலையில் ரிலே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், அலாரத்தில் விட வேண்டும். அப்போதுதான் லாகருக்கு மின்சாரம் போனாலும் மணி அடிக்கும். மணிக்கான மின்சாரம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் ஒரே பிளக்கில் இரண்டையும் மாட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முக்கியத்துவத்தை எல்லாவற்றுக்கும் ஹை என்று கொடுத்தால் எதற்கும் கொடுக்காத மாதிரி. அலாரம் மேலாண்மை நூல்களில் சொல்லும் பங்கீடு ஏறத்தாழ 80, 15, 5 சதவீதம், மேல்படியில் இருப்பது அந்த 5. அலாரம் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஏ. 18.2 தரநிலை ஓர் ஆபரேட்டருக்கு ஒரு நாளில் 150 அலாரம் அளவுக்குத் தாங்கலாம், 300 வரை எப்படியோ சமாளிக்கலாம் என்று கணக்கு வைக்கிறது. அது திரைக்கு முன்னால் உட்கார்ந்தே இருப்பவருக்கான கணக்கு. பாலெட் தள்ளிக்கொண்டே போனைப் பார்க்கும் ஒரே ஆளுக்கு என் அளவில் ஒரு ஷிஃப்டுக்கு ஐந்தே அதிகம். 1994 ஜூலையில் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் வந்து விழுந்த அலாரம் 275. அதில் எதைப் படிப்பது?

செய்தியின் வாசகத்துக்கும் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். சேனல் 7 ஹை என்று அனுப்பினால் தூக்கத்திலிருந்து எழுபவருக்கு ஒன்றும் புரியாது. எந்த அறை, என்ன ஆயிற்று, முதலில் எதைப் பார்க்க வேண்டும், இவ்வளவும் ஒரு வரியில் வர வேண்டும். ஷிஃப்டில் சீனர், மலாய்க்காரர், பங்களாதேஷ்காரர், நம்மவர் எல்லோரும் இருப்பார்கள், அதனால் எளிய ஆங்கிலத்தில், சுருக்கெழுத்து இல்லாமல் எழுதுங்கள்.

சோதனை

செட்டிங்கில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது, சென்சாரிலிருந்து போன் வரைக்கும் முழு வழியும் ஓட வேண்டும். மின்னோட்டச் சிக்னல் என்றால் சென்சாருக்குப் பதில் மின்னோட்டம் கொடுக்கும் லூப் கேலிப்ரேட்டரில் எண்ணை ஏற்றுங்கள், பி.டி. 100 என்றால் சென்சாரைக் கழற்றி நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த ஃபிளாஸ்கில் விடுங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், உறை அறையின் ஹை-ஹையும் அடிக்க வேண்டும். பிறகு ஒரு வயரைக் கழற்றுங்கள். பிறகு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடத்தில் யாருக்குச் செய்தி போனது என்று அதே தாளில் குறியுங்கள். சோதனைக்காகத் தாமதத்தைக் குறைத்திருந்தால் திரும்ப மாற்றிவிட்டுத்தான் இடத்தைவிட்டு எழ வேண்டும். பராமரிப்பு வேலைக்காக அலாரத்தை நிறுத்தி வைப்பதென்றால், நேரம் முடிந்ததும் தானாகத் திரும்ப வரும் ஷெல்விங் வசதியைப் பயன்படுத்துங்கள், டிசேபிள் செய்தால் நீங்கள் மறந்துவிடுவீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

ஒரு மாதம் ஓடவிட்டு அலாரம் பதிவை எக்செல்லில் இறக்கி, எது அதிகம் வந்தது என்று வரிசைப்படுத்துங்கள். மேலே இருக்கும் நாலைந்து அலாரம்தான் மொத்தத்தில் பெரும்பகுதியாக இருக்கும், அவற்றை மட்டும் சரிசெய்தால் போதும். எந்த எண்ணை எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், ஆடிட் வரும்போது முதலில் கேட்பது அதைத்தான். கடைசியாக, நள்ளிரவில் விண்டோஸ் தன்னைத்தானே அப்டேட் செய்து ரீஸ்டார்ட் ஆனால் உங்கள் மென்பொருள் தானாக எழுந்து ஓடுமா என்று ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதோடு தினமும் காலை எட்டு மணிக்கு "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லி வையுங்கள். அது வராத நாளில் கோப்பி குடிக்கப் போவதற்கு முன் கம்ப்யூட்டரைப் போய்ப் பாருங்கள்.